கடலோரச் சிற்பத்தில் பழுப்புக் கறை

வணக்கம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிற்பம், கடற்கரைப் பூங்காவில் வைத்து இரண்டே மாதத்தில் கறை பிடித்துவிட்டது என்கிறீர்கள். கறை வெல்டிங்கை ஒட்டியே ஓடுவதால் சந்தேகம் இரண்டு: வெல்டிங் சூட்டில் நீலம் பாரித்த படலத்தை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், இல்லையேல் சாதா இரும்பைத் தேய்த்த டிஸ்க்கையே இதற்கும் போட்டிருக்கிறார்கள். ஒட்டிய இரும்புத்தூள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பிக்லிங் பேஸ்ட் (அந்தப் படலத்தையும் இரும்புத்தூளையும் கரைத்தெடுக்கும் அமிலப் பசை) தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அமிலம் தாங்கும் கையுறை, முகத்தடுப்பு, கைவசம் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (இந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் முதலுதவி மருந்து) இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம். கழுவிய தண்ணீரைப் புல்தரையில் விடாதீர்கள்.

பெயின்ட் அடித்து மறைப்பது வீண்வேலை. உப்புக்காற்றில் 304 எப்படியும் திணறும், அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவணும். அடுத்ததற்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் (உப்பின் அரிப்பைத் தாங்க உதவும் உலோகம்) உள்ள 316எல் ரகத் தகடு, அதே ரக ஃபில்லர் கம்பி (வெல்டிங்கில் உருக்கி இணைப்பை நிரப்பும் கம்பி) வாங்குங்கள்.