புறொய்லர் தீனில் மில் தவிடு கலக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. கூட்டில் 300 புறொய்லர் வளர்க்கிறேன். இது நாலாவது தடவை. கொம்பனித் தீன் விலை ஏறியபடியால் இந்தமுறை 14ஆம் நாளிலிருந்து 4 பங்கு தீனுக்கு 1 பங்கு மில் தவிடு கலந்து போட்டேன். முந்திய மூன்று தடவையும் 35 நாளில் சராசரி 1.8 கிலோ வந்தது. இப்போது 35 நாள் முடிந்தும் 1.4 கிலோதான். சில கோழி பெரிது, சில கோழி மிகவும் சிறிது. எச்சம் ஈரமாகப் போகிறது. கீழே போட்ட உமியையும் கொத்தித் தின்கின்றன. நார்ச்சத்து கோழியின் வயிற்றுக்கு நல்லது என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார். புறொய்லருக்கு நாரே ஆகாது என்கிறார் தீன்கடைக்காரர். எதை நம்புவது? இவற்றை இன்னும் ஒரு கிழமை வைத்திருக்கலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் கூட்டில் நிற்கிற கோழிகளின் அலுவலைப் பார்ப்போம். இன்றைக்கே தவிட்டை நிறுத்துங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்பவற்றை விற்றுவிடுங்கள். சிறியவற்றை வலை கட்டித் தனியாகப் பிரித்து, கலப்பில்லாத தீனை 7 முதல் 10 நாள் போடுங்கள். பெரியவற்றோடு முட்டுப்பட்டுத் தின்ன முடியாமல் நின்ற கோழி, இடமும் நல்ல தீனும் கிடைத்தால் ஓரளவு எட்டிப் பிடிக்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் தின்கிற தீனுக்கு இறைச்சி வராது.

எச்சம் ஈரமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சிவப்போ கபில நிறமோ தெரிகிறதா என்று விடியற்காலையில் வடிவாகப் பாருங்கள். சிறகைத் தொங்கப்போட்டு, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒதுங்கி நிற்கிற கோழி உண்டா? இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் நோயாளிக் கோழி ஒன்றையும் புது எச்சத்தையும் உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொம்பனித் தீன் பலவற்றில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கிற மருந்தை அளந்து கலந்திருப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு தவிடாக மாறினால் மருந்தும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தீனைத்தான் ஐதாக்குகிறோம் என்று நினைப்போம். அதோடு சேர்ந்து மருந்து, விற்றமின், உப்பு, லைசீன், மெதியோனைன் என்ற புரதக் கூறுகள் எல்லாமே ஐதாகும். வைத்தியர் மருந்து தந்தால், கொடுத்து முடிந்து எத்தனை நாளைக்குப் பிறகு இறைச்சிக்கு விற்கலாம் என்பதையும் கேட்டு வாருங்கள்.

சரி, இப்போது நார் விஷயம். தீன்கடைக்காரர் சொன்னது உங்கள் மில் தவிட்டுக்குச் சரி. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னது கோழிக்குச் சரி. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் பிழை வந்தது.

மாட்டுக்கு வைக்கோலைப் போட்டால் அதன் பெரிய வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாரை உடைத்துக் கொடுக்கும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. தின்றது சில மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடும். குடலின் கடைசியில் இருக்கிற இரண்டு குருட்டுக் குடல்களில் கொஞ்சம் நொதிக்கும், அவ்வளவுதான். அதனால் புறொய்லருக்கு நாரிலிருந்து கிடைக்கிற சக்தி மிகக் குறைவு. வயிற்றில் இடத்தை மட்டும் அது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கலவையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொம்பனித் தீனில் புரதம் 19 வீதம், நார் 4 வீதம் என்று வைப்போம். உமி கலந்த தவிட்டில் புரதம் 7 வீதமும் நார் 25 வீதமும் இருந்தால், உங்கள் கலவையில் புரதம் 16.6 வீதத்துக்கு இறங்கிவிடும், நார் 8.2 வீதத்துக்கு ஏறிவிடும். சக்தியும் கூடவே இறங்கும். குளிரான இடமென்றால் கோழி இன்னும் கொஞ்சம் கூடத் தின்று ஈடுசெய்யப் பார்க்கும். நம்முடைய வன்னி வெயிலில், மத்தியானம் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்கிற கோழி எங்கே கூடத் தின்னப் போகிறது?

14ஆம் நாளிலிருந்து 35ஆம் நாள் வரைக்கும் ஒரு கோழி ஏறக்குறைய இரண்டரைக் கிலோ தின்னும். 300 கோழிக்கு 750 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 150 கிலோ, அதாவது 50 கிலோப் பை 3 உங்களுக்கு மிச்சம். மறுபக்கம், கோழிக்கு 400 கிராம் வீதம் 300 கோழியில் 120 கிலோ உயிர்நிறை இல்லாமல் போயிருக்கிறது. குஞ்சின் தரமும் வெயிலும் இதில் கொஞ்சம் பங்கு எடுத்திருக்கலாம். ஆனால் மூன்று தடவை 1.8 கிலோ கண்ட அதே கூட்டில் இவ்வளவு குறைந்ததற்குத் தவிட்டைத்தான் முதலில் பிடிப்பேன்.

சில பெரிது, சில சிறிது என்றதும் அதே தவிட்டால் வந்திருக்கலாம். உருண்டைத் தீனோடு தூளான தவிட்டைக் கலந்தால் கோழி உருண்டையைப் பொறுக்கித் தின்னும். வலுவான கோழி முதலில் வந்து உருண்டையை முடித்துவிடும். பிந்தி வருகிற சின்னதுக்கு அடியில் கிடக்கிற தவிடுதான் மிச்சம். இரண்டு கிழமை இப்படிப் போனால் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் இரண்டு வெவ்வேறு வயதுக் கோழிகள் மாதிரித் தெரியும்.

இப்போது பக்கத்துப் பண்ணைக்காரரின் சொல்லுக்கு வருகிறேன். கோழியை வெட்டித் துப்பரவாக்கும்போது உள்ளே கெட்டியான தசை உருண்டை ஒன்று வருமே, பிளந்தால் மஞ்சள் தோல் உரியும், மண்ணும் கல்லும் கிடக்கும். அதுதான் கோழியின் அரைக்கும் பை. கோழிக்குப் பல்லும் அதுதான், அம்மியும் அதுதான். அதற்கு முன்னால் இருக்கிற சிறு பையில் அமிலம் சுரக்கும். அந்த அமிலத்தோடு சேர்த்து அரைத்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றருக்குக் கீழ் நொருங்கிய பிறகுதான் பெரும்பாலும் கீழே விடும். தும்பாகக் கொஞ்சம் பொருள் இருந்தால் இந்தப் பைக்கு வேலை இருக்கும். தசை தடிக்கும். தீன் அதிக நேரம் அமிலத்தில் ஊறும். புரதம் நன்றாகச் செமிக்கும். தீனோடு போகிற கெட்ட கிருமிகளில் ஒரு பங்கு அங்கேயே சாகும். கீழே போனதையும் மேலே தள்ளி மீண்டும் கலக்கிற அசைவு கூடும்.

நைசாக அரைத்து உருண்டையாக்கிய தீன் மட்டும் தின்கிற புறொய்லரில் இந்தப் பை மெலிந்து, தீன் வந்த வேகத்தில் கடந்துபோகிற வெறும் வழியாகிவிடும். நோர்வேயில் பிர்கர் ஸ்விஹுஸ், ஸ்பெயினில் கொன்சாலோ மாத்தேயோஸ் போன்ற கோழித் தீன் ஆராய்ச்சியாளர்கள் இதை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். மாத்தேயோஸின் குழுவினர் சோளமோ அரிசியோ அடிப்படையான குஞ்சுத் தீனில் ஓட்ஸ் தோல், சோயாத் தோல் என்பவற்றை 3 வீதம் சேர்த்து நன்மை கண்டார்கள். நாரைப் புறொய்லருக்கு எதிரி என்றே நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2 அல்லது 3 வீதம், அதுவும் கரடுமுரடாக இருந்தால், நார் வேறு வேலை செய்கிறது என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

கரடுமுரடு என்ற சொல்லைக் கவனியுங்கள். உமியும் உமித்தூளும் ஒன்றல்ல. முழு உமி அரைக்கும் பையில் தங்கி அதை வேலை வாங்கும். நைசாக அரைபட்ட உமி தங்காமல் நழுவிப் போய்விடும். நன்மையில்லாமல் இடத்தை மட்டும் பிடிக்கும். உங்கள் தவிட்டில் இருப்பது அந்தத் தூளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய மாதிரிச் சிறு மில்களில் ஒரே இயந்திரம் உமியையும் தவிட்டையும் சேர்த்தே உரித்துத் தள்ளும். உமியை முதலில் தனியாக எடுத்துவிட்டு அரிசியைத் தீட்டுகிற மில்லில் வருவதுதான் உண்மையான தவிடு. அதில் நார் 10 வீதமளவில் நிற்கும், எண்ணெய்யும் 15 வீதமளவில் இருக்கும். தனி உமியில் நார் 40 வீதத்தைத் தொடும், மிச்சத்திலும் கணிசமான பங்கு மணலுக்கு ஒப்பான சிலிக்காச் சாம்பல்.

வீட்டிலேயே பார்க்கலாம். தவிட்டை உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விரியுங்கள். நல்ல தவிடு எண்ணெய்ப் பிடிப்பால் கட்டியாக நிற்கும். உமி கூடியது உதிர்ந்துவிடும். சுளகில் போட்டு மெதுவாகப் புடைத்தாலும், ஒரு கிளாஸ் தண்ணீரில் தூவினாலும் உமித் துண்டுகள் தனியாகத் தெரியும். மணத்தையும் பாருங்கள். பச்சை நெல்லுத் தவிடு தீட்டிய நேரத்திலிருந்தே எண்ணெய் கெட்டுச் சிக்குப் பிடிக்கத் தொடங்கும், நம்முடைய வெக்கையில் இரண்டு கிழமை வைத்தால் சவர்க்கார மணம் வரும். புழுங்கல் நெல்லுத் தவிடு கொஞ்சம் தாங்கும், அவிக்கும்போதே எண்ணெய்யைக் கெடுக்கிற நொதியம் செத்துவிடுகிறபடியால். எப்படியான தவிடென்றாலும் அதில் இருக்கிற பொசுபரசின் பெரும் பகுதி கோழிக்கு எளிதில் கிடைக்காத பைற்றேற்று என்ற வடிவில் பூட்டிக் கிடக்கும், அது கல்சியத்தையும் நாகத்தையும் (சிங்க்) கூடப் பிடித்து வைக்கும். எலும்பு வேகமாக வளர்கிற புறொய்லருக்கு இது நல்லதல்ல.

நாரில் இன்னொரு வகையும் உண்டு. தண்ணீரில் கரைந்து பசை மாதிரி ஆகிற நார். கோதுமை, பார்லி என்பவற்றில் அது கூடுதல். குடலுக்குள் கஞ்சிப் பசைபோல் நின்று செமிபாட்டைத் தடுக்கும், எச்சம் ஒட்டிப் பிடிக்கும். அதனால் கோதுமை கூடிய தீனுக்கு அதை உடைக்கிற நொதியம் சேர்ப்பார்கள். சோளத்திலும் அரிசியிலும் இந்தத் தொல்லை குறைவு. தேங்காய்ப் புண்ணாக்கும் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கிற சாமான்தான். புறொய்லருக்கு 5 வீதத்துக்கு மேல் நான் சொல்வதில்லை.

தீன் பையில் எழுதியிருக்கிற நார் இலக்கத்தை வைத்து மட்டும் இதையெல்லாம் பிரித்தறிய முடியாது. அமிலத்திலும் பிறகு காரத்திலும் அவித்து, கரையாமல் மிஞ்சுவதை நிறுத்து, எரித்தால் வருகிற சாம்பலைக் கழித்து எடுக்கிற கணக்கு அது. ஜெர்மனியின் வேண்டே என்ற ஊரில் 1860களில் வந்த முறை. பசை நாரின் பெரும் பகுதி அவிக்கும்போதே கரைந்து போய்விடும், கணக்கில் வராது. எனவே இரண்டு பைகளில் ஒரே 5 வீதம் எழுதியிருந்தாலும் இரண்டும் கோழியின் வயிற்றில் ஒரே மாதிரி நடக்கும் என்றில்லை.

அடுத்த தடவைக்கு இப்படிச் செய்யுங்கள். குஞ்சு இறக்குகிற முதல் மூன்று நாலு நாள் உமிக்கு மேல் கடதாசி விரியுங்கள். இல்லாவிட்டால் தீன் எது, உமி எது என்று தெரியாத குஞ்சு உமியால் வயிற்றை நிரப்பிவிடும். தீன் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கலப்பில்லாமல் போகட்டும். கடதாசியை எடுத்த பிறகு கோழிகள் உமியைக் கொஞ்சம் கொத்தினால் பயப்படாதீர்கள். அரைக்கும் பைக்கு வேண்டியதை அவை தாமாகவே தேடுகின்றன. ஆனால் அந்த உமி காய்ந்ததாக, பூஞ்சணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். ஈரமான பழைய உமியில் எச்சத்தோடு இரத்தக் கழிச்சல் கிருமியும் இருக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளி எறிந்து, வெயிலில் காய்ந்த புது உமி போடுங்கள். அதுவே பாதி மருந்து.

இதற்கு மேலும் கொடுக்க விரும்பினால் தவிட்டை விட நெல்லு நல்லது. 15ஆம் நாளுக்குப் பிறகு 50 கிலோத் தீனுக்கு 1 கிலோ முழு நெல்லில் தொடங்கி, ஒரு கிழமையில் இரண்டரைக் கிலோ வரை கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், புரதம் குறைந்துவிடும். அந்த ஒரு கிழமையில் அரைக்கும் பையும் பழகிவிடும். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் உங்களிடமே நெல்லு இருக்கும். கொஞ்சம் சப்பி (பதர்) கலந்திருந்தாலும் பாதகமில்லை. மருந்து பூசிய விதைநெல்லின் மிச்சத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கூட்டுக் கோழிக்குக் கல் பொறுக்க வழியில்லாதபடியால், கழுவிக் காயவைத்த பருமணலை ஒரு சிறு தட்டில் வைத்துவிடுங்கள்.

விற்கிற நாளில் வீட்டுச் சமையலுக்கு ஒன்றை வெட்டும்போது அரைக்கும் பையைப் பிளந்து பாருங்கள். தசை தடிப்பாக, கையில் பாரமாக இருந்தால் நல்லது. மெலிந்து தொளதொளத்து, அதற்கு முன்னால் இருக்கிற அமிலப் பை ஊதிக் கிடந்தால், கோழிக்கு முரட்டுத் தீன் போதவில்லை என்று அர்த்தம்.

மிஞ்சிய தவிட்டை எறிய வேண்டாம். சிக்கு மணம் இல்லாவிட்டால் மாட்டுக்கு வையுங்கள். வெளியே மேய்கிற ஊர்க்கோழிக்கும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொஞ்சம் போடலாம், அவை மெதுவாக வளர்கிறவை, பூச்சியும் பொறுக்கித் தின்கிறவை. மணம் மாறியிருந்தால் எருக் குவியலில் கொட்டுங்கள்.