நீலத் தடம்: அடிபட்டதா, பிறவியிலேயே உள்ளதா?

கேள்வி: பொகவந்தலாவையில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒன்பது மாதப் பிள்ளைக்கு நெப்பி மாற்றும்போது இடுப்புக்குக் கீழே நீலமும் சாம்பலுமாக ஒரு தடம் தெரிந்தது. அடித்திருப்பார்களோ?

பதில்: நம் பிள்ளைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறக்கும்போதே இப்படித் தடம் இருக்கும். வீக்கமோ வலியோ இருக்காது, நிறமும் நாளுக்கு நாள் மாறாது. பிள்ளை வளர வளர மெல்ல மங்கும். கன்றிய காயம் அப்படியல்ல, சில நாட்களிலேயே நிறம் மாறி மறையத் தொடங்கிவிடும். பிறந்தவுடன் வீட்டுக்கு வந்து பார்த்த குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள், கிளினிக் கொப்பியையும் பாருங்கள். ஒரு பிள்ளை சேரும் அன்றே இப்படியான தடங்களின் இடத்தையும் அளவையும் திகதியுடன் குறித்துக்கொண்டால் பின்னால் வீண் சந்தேகம் வராது.

பிறவித் தடம்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். எழுந்து நிற்கப் பழகாத பிள்ளைக்குச் சும்மா கன்றாது. நடக்கிற பிள்ளை முழங்காலிலும் முன்னெற்றியிலும் அடிபடுவது வழமை. காது, கழுத்து, கன்னம், வயிறு என்றால் யோசியுங்கள். விரல் பதிந்த கோடு, பெல்ட் வளைவு, வட்டமான சூட்டுக் காயம் எல்லாம் இன்னும் மோசம். நிறத்தைப் பார்த்துக் காயம் எத்தனை நாள் பழையது என்று கணிக்காதீர்கள். அது வைத்தியர்களுக்கே திடமாகச் சொல்ல முடியாத விஷயம்.

பிழை விடுவது பெரும்பாலும் எழுதும்போதுதான். “தாய் அடித்திருக்கிறாள்” என்பது உங்கள் ஊகம். “இடது காதின் பின்னால் சுமார் 2 சென்ரிமீற்றர் சிவந்த கோடு, காலை 7.10” என்பது பதிவு. பேசக்கூடிய பிள்ளை ஏதாவது சொன்னால் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், தோட்டத்துப் பேச்சைத் திருத்த வேண்டாம். “அப்பாதானே அடிச்சாரு?” என்று பதிலை ஊட்டிக் கேட்கக்கூடாது. போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. தாயிடம் “இது எப்படி ஆச்சு?” என்று ஒரு தடவை கேட்கலாம், பாலியல் துன்புறுத்தல் சந்தேகம் என்றாலோ, கேட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றாலோ அதுவும் வேண்டாம். பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். நிரூபிப்பது உங்கள் வேலையல்ல. தோட்டத்துரை (தோட்ட முகாமையாளர்) கோபிப்பார் என்று தள்ளிப்போடுவதும் சரியல்ல.

கேள்வி: தலவாக்கலை. பேத்திக்கு இரண்டரை வயது, “அம்மா”, “தா” மட்டும்தான். தாய் மத்திய கிழக்கில். அப்பனும் பிந்தித்தான் பேசினானாம். பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம் பாட்டி. இரண்டு வயதில் “பால் தா” போல இரண்டு சொல் சேர்ந்து வரவேண்டும். முதலில் செவிப்புலன் பரிசோதனை. சளியும் காதில் நீரும் இருந்தால் பேச்சு பிந்தும். விரல் நீட்டிக் காட்டுகிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறாளா என்று ஒரு வாரம் கவனித்துக் கிளினிக்கில் சொல்லுங்கள். பேசிய சொற்களை விட்டுவிட்டாள் என்றால் அந்த வாரமும் காத்திருக்கக் கூடாது. வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் கேட்பதால் இப்படி ஆகாது.

கேள்வி: பின்னேரம் குடித்துவிட்டு வருகிற தகப்பனிடம் பிள்ளையை விடலாமா? (ஹட்டன் ஆசிரியை)

பதில்: கூடாது. கூட்டிச்செல்லக் கூடிய இன்னொருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்கும்போதே தாயிடம் எழுதி வாங்குங்கள். அவர் வரும்வரை பிள்ளை உங்களிடமே இருக்கட்டும். தகப்பன் சண்டைக்கு வந்தால் பொலிஸ் 119.