பழுதுப் பதிவு இல்லாமல் மெஷின் லேர்னிங் பேரிங் கோளாறைக் கண்டுபிடிக்குமா?
உடுமலைப்பேட்டை நூற்பாலைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். பழுது எப்போதாவதுதான் வரும். அதனால் மோட்டார் நன்றாக ஓடும்போது எடுத்த அதிர்வுத் தரவை மட்டும் மாடலுக்குக் கற்றுக்கொடுத்து, அதிலிருந்து விலகினால் எச்சரிக்கச் சொல்லலாம்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24. அதே 24 ஹெர்ட்ஸில் அதிர்வு ஏறினால் பெரும்பாலும் சமநிலைக் கோளாறு. பேரிங் வளையத்தில் கீறல் விழுந்தால் வேறு அதிர்வெண்களில் தெரியும்; பேரிங் குண்டுகளின் எண்ணிக்கை, பேரிங்கின் அளவுகள், மோட்டாரின் வேகம் ஆகியவற்றை வைத்து அதைக் கணக்கிட்டே விடலாம். இந்தக் கணக்கை விட்டுவிட்டு நியூரல் நெட்வொர்க்கை (மெஷின் லேர்னிங் மாடலில் ஒரு வகை) மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், வேகத்தையும் சுமையையும் கூடவே பதியுங்கள். இல்லாவிட்டால், இன்வெர்ட்டரில் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஓடும் மோட்டாரின் வேகத்தை யாராவது மாற்றினாலே மாடல் பழுது என்று கத்தும்.