மாணவர் அட்டைக்கு ஏன் பெரியவர் கட்டணம் வருகிறது?

வணக்கம் ஐயா. பாலிடெக்னிக்கில் ஜாவா படிக்கிறேன். அசைன்மென்ட்டில் ‘பயண அட்டை’ என்றொரு கிளாஸ். அதன் ‘கட்டணம்’ மெத்தட் கிலோமீட்டரை டபுளாக (தசம எண்ணாக) வாங்கும். அதை எக்ஸ்டெண்ட் செய்த ‘மாணவர் அட்டை’யிலும் ‘கட்டணம்’ எழுதினேன், இன்ட் (முழு எண்) வாங்கும்படி. 8 கிலோமீட்டர் கொடுத்துத் தனியாகச் சோதித்தால் மாணவர் கட்டணம் வருகிறது. எல்லா அட்டைகளையும் ‘பயண அட்டை’ லிஸ்ட்டில் போட்டு லூப் ஓட்டினால் மாணவருக்கும் பெரியவர் கட்டணமே வருகிறது. லிஸ்ட்டுக்குள் ஓவர்ரைடிங் வேலை செய்யாதா?

— வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

லிஸ்ட்மேல் குற்றமில்லை. நீங்கள் ஓவர்ரைட் செய்யவே இல்லை. ஓவர்ரைட் என்றால் பேரண்ட் கிளாஸின் (இங்கே ‘பயண அட்டை’) மெத்தட்டை, அதை எக்ஸ்டெண்ட் செய்த கிளாஸில் திரும்ப எழுதுவது. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. பாராமீட்டர்களின் (மெத்தட் வாங்கும் மதிப்புகளின்) எண்ணிக்கை, வகை, வரிசை எல்லாம் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். டபுள் இருந்த இடத்தில் இன்ட் போட்டதும் அது வேறொரு மெத்தட். இதற்குப் பெயர் ஓவர்லோடிங். இப்போது மாணவர் அட்டையிடம் ‘கட்டணம்’ இரண்டு இருக்கின்றன.

எந்த சிக்னேச்சர் (மெத்தட்டின் பெயரும் பாராமீட்டர் வகைகளும்) என்பதை, வேரியபிளின் வகையைப் பார்த்து கம்பைலர், அதாவது கோடை மொழிபெயர்க்கும் புரோகிராம், முன்கூட்டியே முடிவு செய்துவிடும். வேரியபிள் ‘மாணவர் அட்டை’ என்றால் 8க்கு இன்ட் மெத்தட் பொருந்தும். தனிச் சோதனை தேறியது அதனால்தான். (அங்கேயே 8.4 கொடுத்துப் பாருங்கள், பெரியவர் கட்டணம் வரும்.) லூப்பில் வேரியபிள் ‘பயண அட்டை’. கம்பைலருக்குத் தெரிவது டபுள் மெத்தட் மட்டுமே, 8ஐ 8.0 ஆக்கி அதனிடம் தருகிறது. ஓடும்போது ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்), ஆப்ஜெக்ட்டின் உண்மையான கிளாஸில் அதே சிக்னேச்சர் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடும். அது இல்லாததால் பேரண்ட்டுடையது ஓடுகிறது.

இன்ட்டை டபுளாக்குங்கள். நம் சிங்கப்பூரில் பயணக் கட்டணம் 3.2, 4.2 கிலோமீட்டர் என்று தசமத்தில்தான் படியேறுகிறது. இன்ட் எப்படியும் ஒத்துவராது. பிறகு மெத்தட்டுக்கு மேலே ‘@ஓவர்ரைட்’ போடுங்கள். ‘இது ஓவர்ரைட்தானா, சரிபார்’ என்று கம்பைலரிடம் சொல்லும் குறி அது. 2004இல் ஜாவா 5உடன் வந்தது. ஜாவா கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துவேன்: அந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் கோடு கம்பைலே ஆகியிருக்காது.

அடுத்து நீங்கள் தடுக்கி விழக்கூடிய இடம் ‘தள்ளுபடி’ ஃபீல்ட் (கிளாஸுக்குள் மதிப்பை வைத்திருக்கும் வேரியபிள்). ஃபீல்ட்கள் ஓவர்ரைட் ஆவதில்லை. இரண்டு கிளாஸிலும் அதே பெயரில் வைத்தால், பேரண்ட்டின் மெத்தட் பேரண்ட்டுடையதையே படிக்கும். தள்ளுபடியைத் தருவதற்கு ஒரு மெத்தட் வைத்து அதை ஓவர்ரைட் செய்யுங்கள். அது ஸ்டாட்டிக்காகவோ பிரைவேட்டாகவோ இருக்கக் கூடாது.

பேரண்ட் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதிக்குள்) ‘கட்டணம்’ அழைப்பதையும் தவிருங்கள். மாணவர் அட்டையை உருவாக்கும்போது ஓடுவது அதன் மெத்தட்தான், ஆனால் பேரண்ட்டின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடுவதால், மாணவர் அட்டையின் கன்ஸ்ட்ரக்டரில் நீங்கள் நிரப்பும் எண்கள் அந்த நேரத்தில் இன்னும் 0.