லோடர் போல்ட் முறிந்தால்: கேட்டவர்களுக்குப் பதில்

எஸ்டேட் கராஜில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் முறிந்த போல்ட் என்றால் என்னைத்தான் கேட்கிறீர்கள். கேட்டவற்றை ஒரே இடத்தில் போடுகிறேன்.

கந்தப்பளையில் இருந்து: அண்ணே, மெசி 240 ட்ரெக்டருக்கு முன் லோடர் (பக்கெட்டால் அள்ளித் தூக்குகிற சாமான்) பூட்டியிருக்கிறோம். கிளட்ச் ஹவுசிங்கில் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) லோடர் பிரேக்கெட்டைப் பிடிக்கிற நாலு போல்ட்டில் ஒன்று தலை போய்விட்டது. மிச்சம் மூன்று இருக்குதானே, எரு ஏற்றி முடியும்வரை ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள் தம்பி. பிரேக்கெட்டைத் தாங்குவது போல்ட்டின் தடிப்பு இல்லை, அது இழுத்துப் பிடிக்கிற பிடிதான். ஒன்று போனதும் பிரேக்கெட் மயிரிழை அளவு ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் மற்ற மூன்றையும் தின்னும், கடைசியில் வார்ப்பிரும்பு ஹவுசிங் வெடித்தால் ட்ரெக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டி வரும். முறிந்த முகத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். சிப்பி ஓட்டில் இருக்கிற மாதிரி வளைவு வளைவாகக் கோடும், ஒரு ஓரத்தில் மட்டும் சொரசொரப்பும் இருந்தால், அது நேற்று முறிந்தது இல்லை. தளர்ந்து கிடந்து, நாள்கணக்காக வெடிப்பு ஓடி முறிந்தது. அப்படியென்றால் நாலையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை.

ராகலையில் இருந்து: எனக்கும் அதே கதை. துண்டு துளைக்குள்ளே இரண்டு நூல் (கால் அங்குல) ஆழத்தில் நிற்கிறது. எதில் பிடித்து எடுப்பது?

முதலில் ட்ரெக்டரைச் சமதரையில் விட்டு, சில்லுக்குக் கட்டை போட்டு, பக்கெட்டை நிலத்தில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை நாலு பக்கமும் ஆட்டி ஹைட்ரோலிக் அழுத்தத்தை விடுங்கள். நம் மலைச்சரிவில் இதைச் சோம்பலுக்கு விட்டால் போல்ட் எடுக்கப் போனவன் கையை விட்டுவிட்டு வருவான்.

தளர்ந்து முறிந்த துண்டு பெரும்பாலும் உள்ளே இறுகி இருக்காது. கூரான பஞ்ச் உளியை ஓரத்தில் சாய்த்து வைத்து, இடப்பக்கம் சுற்றுகிற மாதிரி மெல்லத் தட்டிப் பாருங்கள். ட்ரில்லை எடுப்பதற்கு முன் இந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழியுங்கள்.

அசையவில்லையா? ஓட்டோ கியர் ஒயிலும் (ஏ.டி.எஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் அசிட்டோன் வாடை போகத் துடைத்துவிட்டுத்தான் நெருப்பைக் கொண்டுவர வேண்டும். பிறகு வெல்டிங் பாஸைக் கூப்பிட்டு, துண்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் கட்டி மேலே கொண்டுவந்து, அதில் ஒரு நட்டை வைத்து நடுவில் ஒட்டச் சொல்லுங்கள். சூடு ஏறி இறங்கும்போதே துரு விட்டுக்கொடுக்கும். ஒரேயடியாக இழுக்காமல் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி எடுங்கள். பட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங், பக்கத்து ஹோஸில் ஈரச் சாக்கு.

வெலிமடையில் இருந்து: நான் ட்ரில் பண்ணி ஈசி அவுட் (துளைக்குள் பிடித்து முறிந்த துண்டைத் திருப்புகிற கருவி) போட்டேன், அதுவும் உள்ளேயே முறிந்துவிட்டது. இப்போது என்ன?

எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கு நடந்தது ஒரு மழை நாள், ஷெட்டில் கரன்ட் இல்லை, அவசரத்தில் நடுவை விட்டு ஓரமாகத் துளை போட்டேன். அரை மணித்தியால வேலைக்கு மூன்று நாள் போனது. ஈசி அவுட் கடினமான உருக்கு, சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கும். காபைட் பர் (கடினமான அரைமுனை) போட்டு டை கிரைண்டரால் (கையில் பிடிக்கிற சின்ன அரைப்பான்) பொறுமையாக அரைக்க வேண்டும், அல்லது பஞ்சால் தட்டி நொறுக்கி எடுக்க வேண்டும். 16 மில்லி போல்ட்டே வராத இடத்தில் விரல் தடிப்புகூட இல்லாத கருவி திருப்பிவிடும் என்று நம்புவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

நடுவில் துளை விழ ஒரு வழி சொல்கிறேன். லேத் பாஸிடம் ஒரு புஷ் (குழாய் மாதிரித் துண்டு) கடைந்து வாங்குங்கள்: வெளி அளவு பிரேக்கெட்டின் துளைக்கு இறுக்கமாக, உள்ளே 5 மில்லித் துளை. மற்ற போல்ட்டுகளைப் பூட்டி பிரேக்கெட்டை அதன் இடத்தில் நிறுத்தி, புஷ்ஷைச் சொருகி, அதன் வழியாக ட்ரில்லை விட்டால் பிட் விலகாது. பிறகு 5, 8, 11 என்று பெருப்பித்து, எம் 16 சாதாரண மரை என்றால் 14 மில்லியில் நிறுத்தி டெப் (மரை வெட்டுகிற கருவி) போடுங்கள். மிச்சமிருக்கும் மரை சுருள் கம்பி மாதிரி உரிந்து வரும். மரையே கெட்டுப்போனால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே போடுகிற கம்பிச் சுருள்) போடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

தலவாக்கலையில் இருந்து: கடையில் 8.8 என்ற வலுத்தர போல்ட்தான் இருக்கிறது. பழைய தலையில் ஆறு கோடு. போடலாமா?

கூடாது. ஆறு கோடு என்றால் அங்குலக் கணக்கில் கிரேட் 8, அதற்குக் கிட்டத்தட்ட நிகர் 10.9. மூன்று கோடு இருந்தால்தான் 8.8 சரிவரும். இன்னொன்று, கோடு போட்ட தலை என்றாலே அங்குல மரையாக இருக்கும். ஐந்தெட்டு அங்குலம் 15.88 மில்லி, பார்வைக்கு எம் 16 மாதிரியே இருக்கும். ஆனால் யூ.என்.சி (சாதாரண அங்குல) மரைக்கு இடைவெளி 2.31 மில்லி, எம் 16க்கு 2 மில்லி. இரண்டு மூன்று சுற்று கையால் போகும், அப்புறம் இறுகும். இறுக்கம் என்று நினைத்து பைப் போட்டு இழுத்தீர்களோ, ஹவுசிங் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு நட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நீளமும் முக்கியம். வார்ப்பிரும்புக்குள் தடிப்பைப்போல் ஒன்றரை மடங்கு, 16 மில்லிக்கு 24 மில்லி மரை இறங்க வேண்டும். ஆனால் அடி முட்டக்கூடாது. முட்டினால் ஸ்பெனருக்கு இறுகின மாதிரித் தெரியும், பிரேக்கெட் சும்மா நிற்கும்.

அப்புத்தளையில் இருந்து: டோர்க் ஸ்பெனர் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பெனர்) இல்லை. எவ்வளவு இறுக்குவது?

லோடர் புத்தகத்தில் உள்ள அளவுதான் முதல் கணக்கு. புத்தகம் இல்லையென்றால், எம் 16 8.8க்கு ஒயில் இல்லாத மரையில் சுமார் 200 நியூட்டன் மீட்டர், 10.9க்கு 280 அளவில். கரட் நிறுக்கிற கொக்கித் தராசு வீட்டில் இருக்கும்தானே? போல்ட் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் பைப்பில் கொக்கியை மாட்டி, பைப்புக்கு நேர்க்குறுக்காக இழுங்கள். தராசு 20 கிலோ காட்டினால் கிட்டத்தட்ட 200. பிரேக்கெட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் பெயின்ட் இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள், பெயின்ட் நசிந்தால் இறுக்கம் போய்விடும். 10 மணித்தியாலம் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

மறுபடியும் கந்தப்பளை: அண்ணே, பஞ்சால் தட்டினேன், துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது! வெல்டிங் பாஸை வரச் சொன்னது வீண்.

நல்லது, பாஸுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். மற்ற மூன்றிலும் ஸ்பெனரை வைத்துப் பார்த்தீர்களா? எத்தனை தளர்ந்திருந்தது என்று எழுதுங்கள்.