14-ம் நாள் எல்லோருக்கும் ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 31. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்கு முயற்சி செய்து 13 மாதம் ஆகிறது. பீரியட்ஸ் 33, 34 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்றிரண்டு தடவை 36-ம் நாள்கூட வந்திருக்கிறது. போனில் இருக்கும் ஆப் 14-ம் நாள்தான் முட்டை வெளியாகும் நாள் என்று காட்டுகிறது. மெடிக்கல் ஷாப்பில், சிறுநீரில் பார்த்து முட்டை வெளியாகும் நாளைச் சொல்லும் ஐந்து ஸ்ட்ரிப் கிட் வாங்கி, 12-ம் நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். பாத்ரூம் ட்யூப்லைட் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலும் இரண்டாவது கோடு மங்கலாகத்தான் தெரிகிறது. நாலு மாதமாக இப்படித்தான். கணவருக்கு ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட், நாங்கள் சேர்ந்திருப்பதே சனி, ஞாயிறுதான். மாமியார் என்னை மட்டும் டாக்டரிடம் கூப்பிடுகிறார். எனக்கு முட்டையே வருவதில்லையா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் சகோதரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முட்டை வருவதற்கு முன்பே உங்கள் கிட் தீர்ந்துபோகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

14-ம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கானது. முட்டை வெளியான பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய 14 நாள் ஆகும், இந்தப் பின்பாதி ஒருவருக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறாது, நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் முன்பாதிதான். அதனால் அடுத்த பீரியட்ஸ் வரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 33-லிருந்து 14 போனால் 19, 36-லிருந்து போனால் 22. ஆக உங்களுக்கு 19-க்கும் 22-க்கும் நடுவில். நீங்களோ 16-ம் நாளோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

இந்த மாதம் 15-ம் நாளில் ஆரம்பித்து, கோடு அழுத்தமாக வரும்வரை பாருங்கள், ஒரு கிட் போதாது, இரண்டு வாங்கி வையுங்கள். அப்புறம் நேரம். முட்டையை வெளியே வரவைக்கும் எல்ஹெச் ஹார்மோன் பலருக்கு விடிகாலையில்தான் ரத்தத்தில் ஏறும், அது சிறுநீரில் தெரியச் சில மணி நேரமாகும் என்பதால் எழுந்ததும் பார்ப்பதைவிட மதியத்துக்கு மேல் பார்ப்பது நல்லது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள். பிரெக்னன்சி கிட்டில் மங்கலான கோடு தெரிந்தாலே சேதிதான், இதில் அப்படி இல்லை. பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ், பெரும்பாலும் அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி இருப்பவர்களுக்கு எல்ஹெச் எப்போதுமே கூடுதலாக இருக்கலாம், அவர்களை இந்த கிட் ஏமாற்றிவிடும்.

காசே செலவில்லாத அடையாளம் ஒன்றும் உண்டு. அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும். இது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? வெளியான முட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள்தான், ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள்வரைகூட உயிரோடு இருக்கும். 1995-ல் அமெரிக்காவில் 221 பெண்களிடம் நடந்த ஆய்வில், முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தங்கும் நாட்கள் என்று தெரியவந்தது. அதனால் 'அந்த ஒரு நாள்' என்று அவரை லீவு போடச் சொல்லி இரண்டு பேரும் பதற்றப்பட வேண்டாம். சனி, ஞாயிறோடு அந்த வாரத்தில் நடுவே ஒரு நாளும் சேர்ந்தால் போதும்.

இதோடு சோதனைக்கும் போய்விடுங்கள், 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் பார்த்துவிட்டுப் போக வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் தனியாகப் போகாதீர்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, விந்துப் பரிசோதனையோ ஊசிகூட இல்லாத சுலபமான சோதனை. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, லேபிலேயே சாம்பிள் கொடுத்தால் போதும். இதைச் செய்யாமல் உங்களை மட்டும் ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் அலைய வைப்பது நியாயமே இல்லை, மாமியாரிடம் இதை உங்கள் கணவரே சொல்லட்டும். செலவு யோசனையாக இருந்தால் எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். முட்டை வந்ததா என்று பார்க்கும் புரொஜெஸ்டிரான் டெஸ்டை '21-ம் நாள்' என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் சுழற்சி 34 நாள் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய டெஸ்ட் அது, உங்களுக்கு 27-ம் நாள் வாக்கில் வரும்.

கேள்வி: சேர்ந்த பிறகு அரை மணி நேரம் இடுப்புக்குத் தலையணை வைத்துப் படுக்க வேண்டுமாம், மறுநாள் ஸ்கூட்டியில் போகக் கூடாதாம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். உண்மையா?
- வாசகி, போரூர்

பதில்: இரண்டும் தேவையில்லை. எழுந்ததும் கொஞ்சம் வெளியே வழிவது எல்லோருக்கும் நடப்பது, போக வேண்டிய விந்தணு சில நிமிடத்திலேயே கருப்பை வாய்க்குள் போயிருக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்குவதால் முதுகுதான் வலிக்கும், கரு கலையாது. இதற்குப் பதில் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இப்போதே தினமும் ஒன்று போட ஆரம்பியுங்கள். கரு உண்டானதே தெரியாத அந்த முதல் வாரங்களில்தான் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிறது.