ஜீப் டை ராடை லேத்தில் செய்து போடலாமா?

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1978 மாடல் மஹிந்திரா சிஜே 3பி ஜீப். கல் பாதையில் அடி தட்டுகிறதே என்று போன வருஷம் முன்பக்கம் நீள ஷேக்கிள் (வில் பட்டையின் முனையை வண்டியோடு சேர்க்கும் துண்டு) போட்டு இரண்டரை அங்குலம் தூக்கினேன். அதிலிருந்து 40 கிலோமீட்டர் வேகம் வந்தாலே ஸ்டியரிங் உதறுகிறது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் ஒன்று வளைந்திருக்கிறது. ஒரிஜினல் எங்கேயும் கிடைக்கவில்லை. லேத்காரர் ஒருவர் ஈஎன் 24 கம்பியில் கனமாகச் செய்து, முனையில் இருக்கும் பால் ஜாயிண்டான பழைய எண்டை வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் ரேஸ் வண்டிக்குப் போடும் ராட் எண்ட் (ரப்பர் மூடியில்லாத பால் ஜாயிண்ட்) போடச் சொல்கிறார். ஆர்சி புதுப்பிக்கும்போது புரோக்கர் பார்த்துக்கொள்வாராம். என்ன செய்யலாம்?

பதில்: வெல்டிங் வைத்த டை ராடோடு மலை இறங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஈஎன் 24 மட்டமான இரும்பு இல்லை. ஷாஃப்டுக்கும் கியருக்கும் போடுகிற நல்ல சரக்கு. ஆனால் அதில் கார்பன் அதிகம். வெல்டிங் வைத்த இடம் சட்டென்று ஆறும்போது, பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வெளியே பார்க்க வெல்டிங் அழகாகத்தான் இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் ஓடும். முன்கூட்டியே சூடேற்றி, வெல்டிங் முடிந்ததும் முறையாக மறுபடி சூடேற்றி டெம்பர் செய்தால் தப்பிக்கும். உங்கள் ஊர் லேத்தில் அதற்கு அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கனமாகப் போட்டால் பத்திரம் என்ற எண்ணமும் தவறு. பாறையில் இடித்தால் டை ராட் வளைய வேண்டும். வளைந்த ராடோடு மெதுவாக உருட்டி வீடு வந்து சேரலாம். ராட் வளையாமல் நின்றால் அந்த அடி நேராக எண்டின் கழுத்துக்கோ, சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்முக்கோ போகும். அவை ஒடிந்தால் ஒரு சக்கரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். பல வருஷத்துக்கு முன் ஒருவர் ஒடிந்த டை ராட் எண்ட் ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒடிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்து வழவழவென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் கற்கண்டு உடைத்த மாதிரி வெள்ளையாகப் பளபளத்தது. கறுத்த பாகம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது, வெள்ளைப் பாகம் கடைசி நாளில் போனது. அவ்வளவு நாளும் அந்த மனிதர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கூட்டிப்போயிருக்கிறார்.

இனி உதறலுக்கு வருவோம். அதற்குக் காரணம் டை ராட் மட்டும் இருக்காது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பாருங்கள். பிளே, அதாவது தளர்ந்த ஆட்டம், இருந்தால் விரலுக்குத் தெரியும். உங்கள் வண்டியில் வில்லிஸ் காலத்து அமைப்பு. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி நடுவில் இருக்கும் பெல்கிராங்க் என்ற திரும்பும் நெம்புகோலுக்கு வரும், அங்கிருந்து இரண்டு டை ராட் இரண்டு சக்கரத்துக்குப் பிரியும். இதில் முதலில் தேய்வது பெரும்பாலும் பெல்கிராங்க் பின்னும் அதன் பேரிங்கும்தான். அடுத்தது, சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங். இவற்றில் பிளே இருக்கும்போது எந்த டை ராட் போட்டாலும் உதறும்.

நீள ஷேக்கிளை முதலில் கழற்றுங்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் நேராக வருகிறது. ஜீப்பின் கிங் பின்னுக்கும் அந்தச் சாய்வு உண்டு, கேஸ்டர் என்பது அதுதான். உங்கள் வண்டியில் முன் ஷேக்கிள் வில் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அதை நீளமாக்கினால் ஆக்சில் முன்பக்கம் உருண்டு அந்தச் சாய்வு போய்விடும். போதாததற்கு டிராக் லிங்கின் சரிவும் அதிகமாகி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தானாகத் திரும்பும். இதைச் சரிசெய்கிறேன் என்று நக்கிள் ஆர்மை கேஸ் வைத்துச் சூடாக்கி வளைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது ஃபோர்ஜிங் செய்த பாகம், கேஸ் பட்டால் அதன் பலம் போய்விடும்.

லேத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு எண்டுக்கும் நடுவில் இருக்கும் குழாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறெல்லாம் இங்கேதான் நடக்கிறது. ஹைட்ராலிக் சிலிண்டருக்கு வாங்குகிற சீம்லெஸ் குழாய், கோல்டு டிரான், எஸ்டி 52 என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் லைனுக்குப் போடும் ஜிஐ பைப்பை எடுத்து நீட்டினால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மரை வெட்டிய பிறகும் குழாயின் சுவர் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நான் அப்படித்தான் வைப்பேன். எண்டின் மரை அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே ஏறியிருக்க வேண்டும். நீளம் பத்தவில்லை என்று இரண்டு துண்டை ஒட்டக் கூடாது. ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை. அப்படி இருந்தால்தான் எண்டைக் கழற்றாமல் குழாயைத் திருகியே டோ-இன், அதாவது இரண்டு சக்கரமும் முன்பக்கம் லேசாக உள்வாங்கும் அளவு, வைக்க முடியும். "இடது மரை டேப் என்னிடம் இல்லை, இரண்டு பக்கமும் வலதே போட்டுவிடுகிறேன்" என்பார்கள். மரை வெட்டும் டேப் இல்லாவிட்டால் லேத்தில் டூல் போட்டு உள்மரை வெட்டலாம். அதுவும் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய எண்ட் அங்குல மரை, புதிதாக வாங்குவது மெட்ரிக் மரையாக இருக்கலாம். இரண்டு மூன்று சுற்று ஏறியதும் இறுகும், பொருந்திவிட்டதாக நினைத்து முறுக்கிவிடுவார்கள். மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் டேப்பைத் தொட விடாதீர்கள்.

எண்டை மட்டும் புதிதாக, பெட்டியோடு வாங்குங்கள். வேறு வண்டி எண்டைப் போடும்படி ஆனால் அதன் டேப்பர் (கூம்பு வடிவப் பாகம்) நக்கிள் ஆர்மின் ஓட்டைக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். டேப்பரில் பிரஷியன் புளு என்ற நீல மையை மெல்லிசாகத் தடவி, ஓட்டையில் உட்காரவைத்து, கால் சுற்று திருப்பி எடுங்கள். நீலம் சுற்றிலும், ஏறக்குறைய முழு நீளத்துக்கும் பதிந்திருக்க வேண்டும். மேலே ஒரு வளையம் மட்டும் பதிந்தால் அது ஆடிக்கொண்டே இருந்து மரைக்கழுத்தில் ஒடியும். தகரத்தைச் சுருட்டி உள்ளே செருகுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள். மேலே வெட்டுள்ள கேசில் நட்டில், அதைப் பூட்டும் ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள்.

"ஆர்மி டிஸ்போசல், பிரிக்காத சரக்கு" என்று விற்பவர்களிடம் ஜாக்கிரதை. கழற்றிப் போட்ட எண்டில் கிரீஸை அடைத்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, புது ரப்பர் மாட்டிக் கொடுப்பார்கள். ரப்பரை விலக்கிப் பாருங்கள். கழுத்தில் ஸ்பேனர் தடமோ தேய்ந்த வளையமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நானும் ஒரு தடவை ஏமாந்து பணம் கொடுத்தவன்தான்.

ரேஸ் வண்டி ராட் எண்டுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதிப்படி ஸ்டியரிங் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாமல் பூட்டியிருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது. மூடியில்லாத ராட் எண்டில் மலைப் புழுதியும் சேறும் போனால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இந்த விதியை யார் படுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெயிண்டும் ஹெட்லைட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆய்வை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரிதான். ஆனால் கடையில் கிடைக்காத பாகத்தை ஒழுங்காகச் செய்து, சோதித்து, சான்று வாங்க ஒரு தோட்டக்காரருக்கு எளிய வழி எங்கே? வழி இல்லாத இடத்தில்தான் புரோக்கர் கடை விரிக்கிறார். அவர் வாங்கித் தருவது முத்திரை மட்டும்தான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஷேக்கிள், பெல்கிராங்க், கிங் பின், அப்புறம் குழாய் என்ற வரிசையில் போங்கள். வளைந்த டை ராடைக் காயலாங்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மரை பார்க்கவும் நீளம் அளக்கவும் லேத்காரருக்கு மாதிரி அதுதான்.